காரா-சோகுவில் எல்லாரும் சுகம்

தப்பு என்னோடதுதான். அதை முதல்லயே சொல்லிடுறேன். பின்னாடி யாராவது வந்து, சோனுன் தன் பங்கை மட்டும் முழுங்கிட்டாள்னு சொல்லக் கூடாது பாருங்க.

எங்க காரா-சோகு தொண்ணூறு வீட்டு ஊர். நாரின் பட்டணத்துக்குப் போகணும்னா அறுபது கிலோமீட்டர், நடுவுல ஒரு கணவாய். பனிக்காலத்துல அந்தக் கணவாய்க்கு மனசு இருந்தா வழி விடும், இல்லைன்னா நாலு நாள் உக்கார வச்சுடும். அப்படிப்பட்ட ஊர்ல எங்களுக்குன்னு ஒரு மருத்துவ நிலையம் இருக்கு. ரெண்டு அறை, ஒரு கணப்பு, ஒரு கட்டில், தடுப்பூசி மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ், அப்புறம் சைரகுல். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. சைரகுல் படிச்ச படிப்பு டாக்டருக்கு ஒரு படி கீழ, நர்ஸுக்கு ஒரு படி மேல. ஆனா பிரசவமா, காய்ச்சலா, குதிரை உதைச்சதா, எல்லாத்துக்கும் அவதான். மாட்டுக்கு மடி வீங்கினாக்கூட அவகிட்டதான் போய் நிப்பாங்க. "இது மாடு, நான் மனுஷங்களுக்குப் படிச்சவ"ன்னு திட்டிக்கிட்டே வந்து பாப்பா.

நிலையத்துக்கு எதுத்தாப்புல என் கடை. தேயிலை, சர்க்கரை, தீப்பெட்டி, ரப்பர் பூட்ஸ், எல்லாம் வச்சிருக்கேன். ஊர்ல நடக்குறது எனக்குத் தெரியாம நடக்காதுன்னு ஒரு திமிரும் வச்சிருந்தேன்.

மே மாசம் கடைசி. ஆட்டுக்குக் கம்பளி கத்தரிக்கிற நேரம். கத்தரிச்சு முடிச்சாத்தான் மந்தைய மேய்ச்சல் மலைக்கு ஏத்த முடியும். ஆம்பளைங்க எல்லாம் விடிஞ்சா பட்டியில, பொழுது சாய்ஞ்சா என் கடையில. கையெல்லாம் கம்பளிப் பிசுக்கு. கடைக்குள்ள வந்தா ஒரு ஆட்டு நாத்தம் அடிக்கும் பாருங்க, சோப்புப் பெட்டியைத் திறந்து வச்சாலும் அடங்காது.

அன்னைக்கு மத்தியானம் சைரகுல் ஓடி வந்தா. முகம் வெளுத்திருந்துச்சு.

"அக்கா, ரெண்டு பாக்கெட் குளோரின் குடுங்க. நாளைக்கு மாகாண ஆபீஸ்லேர்ந்து சோதனைக்கு வர்றாங்களாம். இப்பத்தான் போன் வந்துச்சு."

"வரட்டும்டி. உன் இடம்தான் கண்ணாடி மாதிரி இருக்கே."

"உங்களுக்கென்ன, சொல்லிடுவீங்க. போன மாசம் தெகே-சாய் நிலையத்தை மூடிட்டாங்கல்ல? அங்க இருந்தவ என்கூடப் படிச்சவ. இப்ப வீட்டுல உக்காந்து தயிர் கடையுறா."

சொல்லிட்டு ஓடிட்டா. தெகே-சாய் எங்களுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு. நிலையத்தை ஏன் மூடினாங்கன்னு விசாரிச்சா, என் நாத்தனார் ஒரு கதை சொன்னா. சோதனைக்கு வந்தவங்க வீடு வீடாப் போய், உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்களாம். அந்த ஊர் ஆளுங்க, கேட்டதுதான் சாக்குன்னு, முட்டி வலி, முதுகு வலி, தலை சுத்தல்னு கொட்டித் தீத்துட்டாங்களாம். ஊர் பூரா நோயாளின்னா டாக்டர் என்னத்தைப் பாத்தாள்னு எழுதிட்டுப் போயிட்டாங்களாம். இது நிஜமா, நாத்தனார் சமையல்ல போடுற மசாலாவான்னு நான் யோசிக்கவே இல்லை. அதுதான் என் முதல் தப்பு.

சாயங்காலம் கடையில ஆள் நிறைஞ்சதும் நான் பேச ஆரம்பிச்சேன்.

"இங்க பாருங்கப்பா. நாளைக்கு ஒரு அம்மா வரும். உடம்பு எப்படின்னு கேக்கும். யாராவது வாயைத் திறந்து அங்க வலி இங்க வலின்னீங்க, அடுத்த நாள்லேர்ந்து என் கடையில தேயிலை கிடையாது."

"என்ன சொல்லணும் மதினி?" மாம்பெத் கேட்டான். எங்க ஊர்க் குதிரை விளையாட்டுக் குழுவுக்குத் தலைவன். ஆட்டுக்கிடாயைக் குதிரை மேலேர்ந்து ஒத்தைக் கையால தூக்குறவன். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை, அதனால எனக்கும் அவனுக்கும் எப்பவும் கேலிதான்.

"சுகம்னு சொல்லு. மாத்திரைன்னா என்ன கலர்ல இருக்கும்னு கேளு. நல்ல டாக்டர் இருக்குற ஊர்ல நோயாளி எப்படி இருப்பான்? ஒருத்தருக்கும் நோயே இல்லைன்னா அவளைவிடக் கெட்டிக்காரி யாரு?"

எல்லாரும் ஆஹான்னாங்க. எங்க ஊர்ல யாராவது வந்து உயிர் சுகமா, ஆடு மாடு சுகமான்னு கேட்டா, வீடே பத்தி எரிஞ்சாலும் சுகம்னு சொல்லிட்டுத்தான் தண்ணி எடுக்க ஓடுவோம். அப்படி வளர்ந்த ஜனங்களுக்கு இது ஒரு வேலையா?

மூலையில ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிச்சான். துர்தாலி, சைரகுலோட புருஷன். "என்னையும் கேப்பாங்களா மதினி?"

"உன்னைத்தான் முதல்ல கேப்பாங்க. டாக்டர் வீட்டுக்காரன் நீ. நெஞ்சை நிமித்திக்கிட்டு நில்லு. இந்தா, உன் பொண்டாட்டிகிட்ட மட்டும் மூச்சு விடாத. அவ நேர்மை பேச ஆரம்பிச்சுடுவா."

"நான் அவகிட்டச் சொல்லாத விஷயம் எவ்வளவோ இருக்கு, இதுவும் ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்" என்றான் துர்தாலி.

மறுநாள் காலையில ஜீப் வந்துச்சு. ஜிப்பார்னு பேரு அந்த அம்மாவுக்கு. ஐம்பது வயசு இருக்கும். கட்டையா, குட்டையா, மூக்கு நுனியில கண்ணாடி. சிரிக்கிறதுக்குப் படிவம் எதுவும் பூர்த்தி பண்ணணுமோன்னு நினைக்கிற மாதிரி ஒரு முகம். நாங்க ஆட்டைக் கட்டித் தயாரா வச்சிருந்தோம். விருந்தாளிக்கு ஆடு அடிக்காம அனுப்புற ஊரா இது?

"ஆட்டை அவுத்து விடுங்க" என்றாள் இறங்கினதும். "சோதனைக்கு வந்த இடத்துல தேத்தண்ணிகூடக் குடிக்க எனக்கு அனுமதி இல்லை."

"ரொட்டியாவது பிய்ச்சு வாயில போடுங்க" என்றேன். ரொட்டியை நீட்டினா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, மாகாண ஆபீஸா இருந்தாலும். ஒரு துணுக்குப் பிய்ச்சுப் போட்டுக்கிட்டு உள்ள போனாள்.

சும்மா சொல்லக் கூடாது, சோதனைன்னா சோதனைதான். ஃபிரிட்ஜைத் திறந்து வெப்பமானியைப் பாத்தாள். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு சைரகுல் எழுதி வச்ச கணக்கை ஒரு வருஷத்துக்குப் புரட்டினாள். "பிப்ரவரி பதினொண்ணு, கரண்ட் போயிருக்கு. மருந்தை என்ன பண்ணினே?" "பனிக்கட்டிப் பெட்டியில மாத்தினேன், கீழ எழுதியிருக்கேன் பாருங்க." பாத்தாள். பயன்படுத்தின ஊசி போடுற டப்பாவைக் குலுக்கிப் பாத்தாள். மருந்துச் சீசா ஒவ்வொண்ணையும் தூக்கித் தேதி பாத்தாள். கை கழுவுற இடத்துல சோப்பை மோந்துகூடப் பாத்தாள். நான் ஜன்னலோரமா ரொட்டித் தட்டோட நின்னுக்கிட்டு, மவளே, கண்டுபிடி பாப்போம்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தேன்.

கடைசியா பிரஷர்காரங்க பதிவேட்டை எடுத்தாள். ரொம்ப நேரம் பாத்தாள். அப்புறம் ஒரு தாளுல என்னமோ குறிச்சுக்கிட்டு எந்திரிச்சாள்.

"ஊருக்குள்ள போய் நாலு பேரைப் பாக்கணும்."

"நான் வழி காட்டுறேன்" என்று தட்டை வச்சுட்டு ஓடினேன். விருந்தாளியைத் தெருவுல தனியா விட முடியுமா? அதோட, நாயும் நிறைய.

ஒன்பது பேரைப் பாத்தாள். ஒன்பது பேரும் தங்கம்! பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஓமுர்ஸாக், "மருத்துவ நிலையமா? அந்தப் பக்கம் நான் போய் வருஷக்கணக்காச்சு" என்றார். மாம்பெத் கத்தரியைக் கீழ வச்சுட்டுக் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான். "பிரஷர் மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்டதுக்கு, "அது வயசானவங்க சாப்பிடுறதுங்க" என்றான். துர்தாலி ஒருபடி மேல போனான். "டாக்டரையே பொண்டாட்டியாக் கட்டினவனுக்கு நோய் கிட்ட வருமாங்க? வாசல்லயே பயந்து ஓடிடும்!"

திரும்பி வர்ற வழியில என்னையும் கேட்டாள். "நீங்க?"

"நானா? கல்லைத் தின்னாலும் செரிக்கும் எனக்கு."

அவள் நின்னு தாளைப் பாத்தாள், என்னைப் பாத்தாள், தாளை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கல. நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை ஊரே மனப்பாடமா ஒப்பிச்சிருக்குல்ல?

நிலையத்துக்கு வந்ததும் அவள் உக்காரல. பதிவேட்டை மேசை மேல போட்டாள்.

"சைரகுல், இதுல நாப்பத்தியொரு பேர் இருக்காங்க. மாசா மாசம் நாப்பத்தியொரு பேருக்கு அரசாங்க மாத்திரை போயிருக்கு. நான் ஒன்பது பேரைக் கேட்டேன். ஒன்பது பேரும் மாத்திரையைக் கண்ணால பாத்ததில்லைங்கிறாங்க. வாங்கினதுக்குக் கையெழுத்து எங்க? ஆளுக்கு ஒரு கோடு இழுத்திருக்கு. இந்தக் கோட்டை யார் போட்டா? மாத்திரையெல்லாம் எங்க போச்சு?"

நாங்க அவளைக் காப்பாத்தப் போறோம்னு நினைச்சு, இல்லாத நோயாளிங்க பேருல மாத்திரையைத் திருடி வித்தவளா ஆக்கி வச்சிருக்கோம்!

"அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க" என்றாள் சைரகுல் மெதுவா. "யாராவது பாத்துடுவாங்கன்னு பயம். அதனால கோடு."

"அப்ப அவங்க என்கிட்டப் பொய் சொல்றாங்களா?"

"அவங்க உடம்பு அவங்களுது. இல்லைன்னு சொன்னா நான் எப்படி இருக்குன்னு சொல்றது?"

"அப்ப இந்தப் பதிவு பொய்யா?"

"பதிவு நிஜம்."

"ரெண்டும் எப்படிம்மா நிஜமா இருக்கும்? மத்தியானத்துக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். இல்லைன்னா இன்னைக்கே இந்தக் கதவுக்குச் சீல் வச்சுட்டு, விஷயத்தைப் போலீஸுக்கு எழுத வேண்டியிருக்கும். எனக்கும் இது சந்தோஷம் இல்லை."

சைரகுல் என்னைத் திரும்பிப் பாத்தா. பதிவேட்டுல என் பேரும் இருக்கு, பதினாலாம் நம்பர். ரெண்டு வருஷமா. அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், இந்தா நிக்கிறாளே இவளைக் கேளுங்கன்னு. சொல்லல. கண்ணுல தண்ணி மட்டும் நின்னுச்சு. பதினோரு வருஷம் பனியில குதிரை ஏறிப்போய்ப் பிரசவம் பாத்தவளுக்கு நாங்க கொடுத்த மரியாதை இது. எனக்கு என் மேலயே காறித் துப்பணும் போல இருந்துச்சு.

என் மாத்திரை விஷயம் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா மலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டார், உயரம் ஆகாதுன்னு வீட்டுலயே போட்டுட்டுப் போயிடுவார். மேய்ச்சல் மலைக்குப் போகாம கோடை முழுக்கக் கீழ கிடக்கிறதுக்குப் பதில் நான் செத்தே போவேன். நான் மட்டும்தான் ரகசியமாப் போறேன், மத்த எல்லாரும் காளை மாதிரி இருக்காங்கன்னு வேற நினைச்சிருந்தேன். நாப்பத்தியொரு பேரா!

பட்டிக்கு ஓடினேன். அங்க பதினஞ்சு இருபது பேர் வேலையா இருந்தாங்க. ஆட்டை மல்லாத்தி, காலைக் கட்டி, கத்தரி கிரிச் கிரிச்சுன்னு ஓடுது. கம்பளி போர்வை மாதிரிக் கழண்டு விழுது. கத்தரிச்ச ஆடெல்லாம் வெக்கப்பட்ட மாதிரி ஒரு ஓரமாக் கூடி நிக்குது. பொம்பளைங்க பெரிய சட்டியில மாவுத் துண்டைப் போட்டுப் போர்சோக் பலகாரம் பொரிச்சுக்கிட்டிருந்தாங்க.

"கத்தரியைக் கீழ போடுங்கப்பா! கெட்டுச்சு குடி!" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றார் ஓமுர்ஸாக்.

"பதிவேட்டுல பேர் இருக்குறவங்க எல்லாம் வந்து ஒத்துக்கணும்."

எல்லாரும் பக்கத்துல இருக்கிறவன் மூஞ்சியைப் பாக்குறாங்க. துர்தாலி குனிஞ்சு ஆட்டுக் குளம்பை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தான். என் வீட்டுக்காரர் கம்பளி மூட்டை கட்டிக்கிட்டே, "யாருப்பா அந்த நாப்பத்தியொரு பேரு? நம்ம ஊர்லயா?" என்றார் அப்பாவியா.

கண்ணை மூடிக்கிட்டேன். "நான் பதினாலு."

"என்ன பதினாலு?"

"நம்பர் பதினாலு. பிரஷர். ரெண்டு வருஷமா மாத்திரை. தேயிலை டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கேன். என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போகாம இருந்து பாருங்க, தெரியும் சேதி!"

அவர் கையில இருந்த கயிறு விழுந்துருச்சு. என்னைப் பாத்தார். அப்புறம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "நான் இருபத்தியெட்டு" என்றார்.

"என்னது!"

"கத்தாதே. உனக்குத் தெரிஞ்சா உப்பைக் குறைச்சுடுவியேன்னுதான்..."

அடக் கடவுளே! ஒரே வீட்டுல, ஒரே அடுப்பு, ஒரே படுக்கை, ஆளுக்கொரு மூலையில ஒளிச்சு வச்சு மாத்திரை தின்னுக்கிட்டிருந்திருக்கோம்!

அவ்வளவுதான், மடை உடைஞ்சுது. "நான் ஆறு" என்றார் தலைமையாசிரியர். "நான் முப்பத்தியொண்ணு" என்றாள் போர்சோக் பொரிக்கிறவள், கரண்டியைத் தூக்கிக்கிட்டு. "நான் மூணு!" என்றது ஒரு குரல்.

"மூணா? எனக்கு முன்னாடியே போயிட்டியா நீ?" என்று சண்டைக்கு வந்தார் ஓமுர்ஸாக். என்னமோ விளையாட்டுப் போட்டியில பரிசு வாங்கின மாதிரி, சின்ன நம்பர்காரங்களுக்கெல்லாம் ஒரு கௌரவம் வந்துருச்சு.

மாம்பெத் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தான். "என்ன கொழுந்தனாரே, வயசானவங்க சாப்பிடுறதா?" என்றேன்.

"வெளிய தெரிஞ்சா குதிரை விளையாட்டுலேர்ந்து எடுத்துடுவாங்க மதினி."

"யாரு எடுப்பா? குழுவுல நீங்க எத்தனை பேரு?"

அவன் சுத்திப் பாத்தான். குழுவுல ரெண்டு பேர் நம்பர் சொல்லி முடிச்சிருந்தாங்க. "நான் ஒன்பது" என்றான் பெருமூச்சு விட்டு. "மாட்டு வைத்தியம் கேக்கணும்னு சொல்லிட்டு நிலையத்துக்குப் போவேன். என்கிட்ட மாடே கிடையாது. ஒருத்தரும் கேக்கல."

அந்த அம்மாவைப் பட்டிக்கே கூட்டிட்டு வந்தோம். பின்னால சைரகுல், ஒண்ணும் புரியாம. இருபத்தியிரண்டு பேர் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வரிசையா நின்னோம்.

ஜிப்பார் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டாள். "காலையில ஊரே சுகம். மத்தியானம் ஊரே நோயாளி. யார் சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான்" என்றேன். "இப்ப இல்லை, காலையில. காலையில சொன்னதுதான் நான் சொல்லிக் கொடுத்தது."

"எதை நம்புறது நான்?"

"எங்களை நம்ப வேண்டாம். மெஷினை வச்சுப் பாருங்க."

அது நல்ல யோசனைன்னு அவளுக்கும் பட்டுச்சு. பையிலேர்ந்து தன்னோட மெஷினையே எடுத்து, கம்பளி மூட்டை மேல உக்காந்து பாக்க ஆரம்பிச்சாள். முதல்ல ஓமுர்ஸாக். நூத்தி இருபத்தியெட்டு. அடுத்து மாம்பெத். நூத்தி முப்பது. நான், நூத்தி முப்பத்திநாலு, அதுவும் ஓடி வந்ததாலதான். பத்து பேரைப் பாத்தாள், பத்தும் சரியா இருந்துச்சு.

"எல்லாருக்கும் நல்லாத்தானே இருக்கு!" என்று மெஷினைக் கீழ வச்சாள். அவ குரல்ல இப்ப நிஜமாவே கோபம். "என்ன விளையாடுறீங்களா?"

நோய் இல்லைன்னு சொன்னா திருட்டுங்கிறாங்க. இருக்குன்னு சொன்னா மெஷின் இல்லைங்குது!

அப்பத்தான் சைரகுல் வாயைத் திறந்தா. அவளுக்கும் ரோஷம் வந்துருச்சு. "நல்லாத்தான் இருக்கும். மாத்திரை சாப்பிடுறாங்கல்ல? முதல்ல எவ்வளவு இருந்துச்சுன்னு பதிவுல பாருங்க. இந்தப் பதிவேட்டோட நான் மூணு வருஷமா எதுக்கு மாரடிக்கிறேன்?"

"அது நீ எழுதினது."

"மாத்திரை என்கிட்ட இல்லை. அவங்ககிட்ட இருக்கும். கேளுங்க."

மாம்பெத்தான் முதல்ல முன்னுக்கு வந்தான். தலையில இருந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழட்டி, உள்மடிப்பைப் பிரிச்சு, ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான். அதுல சைரகுல் எழுத்துல ஒன்பதுன்னு நம்பர், கொடுத்த தேதி. ஓமுர்ஸாக் கோட்டோட உள்பையிலேர்ந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார், அதுக்குள்ள. ஒருத்தன் பூட்ஸைக் கழட்டினான். போர்சோக்காரி மாவு மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டாள். ஒருத்தன் சேணத்துக்கு அடியிலேர்ந்து எடுத்தான், அது குதிரை வேர்வையில ஊறிப் போயிருந்ததால சைரகுல்கிட்ட அங்கேயே திட்டு வாங்கினான். நான் கடைக்கு ஓடி தேயிலை டப்பாவையே தூக்கிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் எங்கேர்ந்து எடுத்தார்ங்கிறீங்க? அதே அலமாரி, மேல் தட்டு, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி.

ஜிப்பார் அட்டைகளை வரிசையா வச்சாள். நிலையத்துச் சரக்குப் பதிவேட்டை வரவழைச்சு, அட்டையில அச்சடிச்ச எண்ணை ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்தாள். எல்லாம் ஒத்துப் போச்சு. அப்புறம் மாத்திரையை எண்ணினாள். "நாலாந்தேதி கொடுத்தது முப்பது. அஞ்சாந்தேதிலேர்ந்து தினம் ஒண்ணு. இன்னைக்கு இருபத்திமூணு. பதினொண்ணு மிச்சம் இருக்கணும்." மாம்பெத் அட்டையில பதினொண்ணு. ஓமுர்ஸாக் அட்டையில பதினொண்ணு. என்னதுல பதினொண்ணு. கடிகாரம் மாதிரி. அந்த அம்மா முகத்துல இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமா இளகுறது தெரிஞ்சுது.

"பதினேழாம் நம்பர் யாரு?"

பட்டியில நம்பர் சொல்லாம நழுவினவன் துர்தாலி ஒருத்தன்தான். எல்லாரும் அவனைப் பாத்தோம். அவன் ஒரு ஆட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தான், கத்தரிச்ச ஆடுங்கிறதால மறைக்க முடியல.

அட்டையைக் கொண்டுவந்தான். ஜிப்பார் எண்ணினாள். திரும்ப எண்ணினாள். "இருபத்தியாறு இருக்கு."

"அதுங்க... கசப்புங்க."

மெஷினைக் கட்டினாள். நூத்தி எழுபத்திரண்டு. பதிவேட்டைப் புரட்டி, போன மாசத்து வரியைத் தேடிச் சத்தமா வாசிச்சாள். "பதினேழு. நூத்தி எழுபது. குறிப்பு: மாத்திரை சாப்பிடுவதில்லை. எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. எருமை."

பட்டியே அதிர்ந்துச்சு. துர்தாலி காது வரைக்கும் சிவந்துட்டான். "அடியே, அரசாங்கப் புத்தகத்துலயா எழுதுவே?"

"உண்மையை வேற எதுல எழுதுறது?" என்றாள் சைரகுல். அடுத்த நிமிஷம் அவளும் சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே தலைத்துணியால கண்ணைத் துடைச்சா. "ஊருக்கெல்லாம் சரியாயிடுச்சு, எனக்குன்னு வாய்ச்சது பாருங்கக்கா."

ஜிப்பாரும் சிரிச்சாள். அந்த முகத்துக்குச் சிரிப்பு வருங்கிறதே எங்களுக்கு அப்பத்தான் தெரியும். "தன் வீட்டுக்காரனைப் பத்திக்கூடப் பொய் எழுதாதவ மத்தவங்களைப் பத்தி எழுத மாட்டா" என்று சொல்லி, கம்பளி மூட்டை மேலயே தாளை வச்சு எழுதினாள். நிலையம் நடக்கலாம். பாதுகாப்பு, நல்லது. சிகிச்சை, மிக நல்லது. குறை ஒண்ணே ஒண்ணு: இனிமே கோடு கூடாது, கையெழுத்து வேணும். கையெழுத்துப் போட்டுச் சைரகுல்கிட்டக் கொடுத்தாள். மாம்பெத் தொப்பியை வானத்துல வீசினான். துர்தாலியை நாலு பேர் பிடிச்சு, அன்னைக்கு மாத்திரையை அவன் பொண்டாட்டி கண் முன்னாலயே முழுங்க வச்சாங்க. நான் சைரகுலைக் கட்டிப் பிடிச்சு, மன்னிச்சுடுடீன்னு அழுதேன். அவ முதுகைத் தட்டி, "அழாதீங்க, பிரஷர் ஏறும்" என்றாள்.

எழுதிக் கொடுத்தாச்சே, இனிமே அவங்க விருந்தாளிதானேன்னு, போர்சோக்கும் பாலேடும் தேத்தண்ணியும் வச்சோம். நல்லாச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிச்சுக் கையைத் துடைச்சுக்கிட்டு, ஜீப்புக்குப் போகல. பையை மறந்துட்டேன்னு நிலையத்துப் பக்கம் நடந்தாள். பை அவ தோள்லயே தொங்குது! நான் விடுவேனா, தேத்தண்ணிக் கிண்ணம் எடுக்கிற சாக்குல பின்னாடியே போனேன்.

உள்ள அவள் மெல்லிய குரல்ல சைரகுல்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தாள். "எனக்கும் ஒரு தடவை பாரேன். ஆபீஸ்ல யார்கிட்டயும் காட்ட முடியலம்மா. காலையில காட்டினா சாயங்காலம் ஊர் பூராத் தெரிஞ்சுடும். ரொம்ப நாளா ஒரு..."

சைரகுல் என்னைப் பாத்துட்டா.

"சோனுனக்கா, வெளிய இருங்க."

"நான் இந்தக் கிண்ணத்தை..."

"வெளிய."

கதவைச் சாத்திட்டா. அது குளிருக்காக நாங்களே கனமாக் கம்பளி வச்சுத் தைச்சுக் கொடுத்த கதவு. காதை வச்சேன், ஒண்ணும் கேக்கல. ஜன்னலுக்கு ஓடினேன், அதுக்குள்ள திரையை இழுத்துட்டா. அரைமணி நேரம் கழிச்சு அந்த அம்மா வெளிய வந்து, என்னைப் பாத்துத் தலையாட்டிட்டு, ஜீப்புல ஏறிப் போயிட்டாள்.

அதுக்கப்புறம் வருஷத்துக்கு மூணு நாலு தடவை அந்த ஜீப் கணவாய் ஏறி வருது. சோதனைன்னு ஒண்ணும் இல்லை. நேரா நிலையத்துக்குப் போகும், அரைமணி நேரம் நிக்கும், திரும்பிடும். அவளுக்கு என்ன உடம்பு, மெஷின்ல எவ்வளவு வந்துச்சு, நாப்பத்திரண்டாம் நம்பர் அவதானா, எல்லாத்தையும் நான் சைரகுல்கிட்டக் கேட்டாச்சு. கெஞ்சிக் கேட்டேன், மிரட்டிக் கேட்டேன், பாலேடு கொடுத்துக் கேட்டேன், மலையில கூடாரத்துல ஒண்ணா ஒரு கோடை முழுக்க இருந்து கேட்டேன். பாவி மக, இன்னைக்கு வரைக்கும் வாயே திறக்கல.